சீனி சரியாக இருந்தாலும் ஆபத்து வரலாம்: நடுவயதில் கீற்றோ உணவும் சத்துக் குளிசைகளும்



இந்த இதழில் முழங்கால் நோவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதை அடுத்த முறைக்குத் தள்ளி வைக்கிறோம். காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

அழைத்தவர் ஸ்காபரோவில் வசிக்கும் ஓர் அம்மா. (ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்கள் சிலவற்றை மாற்றியே எழுதுகிறோம்.) "டொக்டர், இவருக்கு ரெண்டு நாளாச் சத்தி. வயிறும் நோகுதெண்டு படுத்திருக்கிறார். சீனி குத்திப் பார்த்தனாங்கள், பதினொண்டுதான். அதுதான் வாயுவாக்கும் எண்டு இஞ்சி அவிச்சுக் குடுத்தனான்" என்றார். கணவருக்கு வயது ஐம்பத்து நான்கு. எட்டு வருடமாக நீரிழிவு. மூச்சு எப்படி எடுக்கிறார் என்று கேட்டோம். "ஓடிக் களைச்ச ஆள் மாதிரி" என்றார். உடனே 911ஐ அழைக்கச் சொன்னோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாட்கள் வைத்திருந்தார்கள். அவருடைய இரத்தம் அமிலமாகியிருந்தது.

மகளின் கலியாணத்துக்கு முன் உடம்பைக் குறைக்க நினைத்து, பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவர் கீற்றோ உணவைத் தொடங்கியிருக்கிறார். சோறு, பாண், புட்டு எல்லாம் நிறுத்தம். முட்டை, இறைச்சி, நெய் மட்டும். முதல் வாரத்திலேயே எட்டு இறாத்தல் குறைந்தது. நீரிழிவுக் குளிசையை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை. அந்த உணவும் அந்தக் குளிசையும் சேர்ந்ததுதான் வினையாயிற்று.

அவருடைய பிழை என்று எழுத எமக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் எம்மிடம் வந்து போனவர். சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் செய்ய எண்ணமா என்று நாம் கேட்கவில்லை. இந்தக் குளிசை எடுக்கும்போது பட்டினி கிடக்கக்கூடாது என்பதை எப்போதோ ஒருமுறை சொல்லியிருப்போம், அதுவும் கதவுப் பிடியில் கை வைத்தபடி. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

கீற்றோ என்பது என்ன?

எமது உடல் வழக்கமாக மாச்சத்திலிருந்து வரும் சீனியை எரித்துத்தான் இயங்குகிறது. மாச்சத்தை ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் குறைத்துவிட்டால், சில நாட்களில் ஈரல் கொழுப்பை உடைத்துக் கீற்றோன் என்னும் பொருளை உண்டாக்கும். மூளை உட்பட உடலின் பெரும்பகுதி அதை எரிபொருளாக ஏற்றுக்கொள்ளும். ஒரு கோப்பை சோற்றில் மாத்திரம் சுமார் 45 கிராம் மாச்சத்து உண்டு. ஒரு துண்டுப் பாணில் சுமார் 15. அதாவது மத்தியானம் ஒரு கோப்பை சோறு சாப்பிட்டால் அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். "நான் கீற்றோதான் டொக்டர், இரவில மட்டும் ரெண்டு இடியப்பம்" என்பவர்கள் இருக்கிறார்கள். அது கீற்றோ இல்லை. ஆனால் கெட்ட காரியமும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதல் வாரத்தில் விரைவாகக் குறைவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாச்சத்து தண்ணீரோடு சேர்ந்தே இருக்கிறது. அது தீரும்போது தண்ணீரும் உப்பும் சிறுநீரோடு வெளியேறும். தலைச்சுற்று, களைப்பு, மலச்சிக்கல் எல்லாம் அதனால்தான்.

எமது நகரத்தின் பழைய கதை

1921ஆம் ஆண்டு கோடையில் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற வைத்தியர், வலிப்பு நோய்க்குக் கொழுப்பு மிகுந்த உணவு உதவலாம் என்று எழுதி, அதற்குக் 'கீற்றோஜெனிக்' என்று பெயரும் வைத்தார். அதே கோடையில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வைல்டர் சொன்ன உணவுமுறை, மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. எமது சிக்கிட்ஸ் வைத்தியசாலையிலும் கொடுக்கிறார்கள். ஆனால் வைத்தியர், உணவு நிபுணர், இரத்தப் பரிசோதனை என்று ஒரு கூட்டமே பக்கத்தில் நிற்கும்.

இன்சுலின் வருவதற்கு முன் நீரிழிவு வந்த பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வழி பட்டினி. மாச்சத்தை அடியோடு குறைத்து, மொத்த உணவையும் குறைத்து, நாட்களைத் தள்ளினார்கள். அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த சார்ள்ஸ் ஹியூஸ் என்பவரின் மகள் எலிசபெத் அப்படித்தான் மூன்று வருடங்கள் உயிரைப் பிடித்திருந்தாள். 1922 ஓகஸ்ட் மாதம் பான்ரிங்கிடம் ரொறன்ரோவுக்கு அழைத்து வந்தபோது பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் நிறை 45 இறாத்தல். இன்சுலின் போட்டபின் தேறி எழுந்து, 1981 வரை வாழ்ந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1922 ஜனவரி 23ஆம் திகதி, ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்குச் சுத்திகரித்த இன்சுலினை ஏற்றினார்கள். சீனி இறங்கியது மட்டுமல்ல, சிறுநீரில் இருந்த கீற்றோனும் மறைந்தது.

இந்தப் பழங்கதையை ஏன் சொல்கிறோம் என்றால், கீற்றோனைக் கட்டிவைக்கும் கடிவாளம் இன்சுலின்தான் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சதையி ஒழுங்காக வேலை செய்பவருக்குக் கீற்றோ உணவில் கீற்றோன் அளவு லீற்றருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். சிறிதளவு இன்சுலின் சுரந்து அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் போதாதவருக்குக் கடிவாளம் இல்லை. கீற்றோன் ஏறிக்கொண்டே போய் இரத்தத்தை அமிலமாக்கிவிடும்.

அந்தக் குளிசை எது?

ஜார்டியன்ஸ், ஃபோர்சிகா, இன்வோகானா என்ற பெயர்களில் வருபவை. மெற்ஃபோமினோடு ஒன்றாகச் சேர்த்த சின்ஜார்டி, சிக்டுவோ என்பவையும் இதே குடும்பம்தான். "நான் மெற்ஃபோமின் மட்டும்தான் எடுக்கிறன்" என்று சொல்பவரின் போத்தலில் சின்ஜார்டி இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மருந்துப் போத்தலில் வணிகப் பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயர் மட்டும் இருந்தால், அது 'ஃப்ளோசின்' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

இவை நல்ல மருந்துகள். அதையும் அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதை வாசித்துவிட்டு நாளைக் காலையிலேயே குப்பையில் போட்டுவிடுவீர்கள். ரொறன்ரோ மவுன்ற் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த பேர்னார்ட் சின்மன் தலைமையில் நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வில், இருதய நோயும் நீரிழிவும் சேர்ந்திருந்தவர்களில் ஜார்டியன்ஸ் எடுத்தோருக்கு இருதய நோயால் வரும் மரணம் 38 சதவீதம் குறைந்தது. இப்போது நீரிழிவே இல்லாத இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் இதைக் கொடுக்கிறோம்.

இந்தக் குளிசை சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. இரத்தத்தில் சீனி குறைவதால் சதையி இன்சுலின் சுரப்பதையும் குறைத்துக்கொள்ளும். வழக்கம்போலச் சாப்பிடும்வரை பிரச்சினை இல்லை. மாச்சத்தையும் நிறுத்திவிட்டால் இன்சுலின் இன்னும் இறங்கும், கடிவாளம் அறுந்துவிடும். வழக்கமான நீரிழிவு அமில நோயில் சீனி இருபது, முப்பது என்று ஏறிக் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்தச் சீனி சிறுநீரில் போய்விடுகிறது. ஆகவே கருவி எட்டு, ஒன்பது, பதினொன்று என்று காட்டும். வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். 2015இல் அமெரிக்காவிலும் 2016இல் கனடாவிலும் சுகாதார அதிகாரிகள் இதைப் பற்றி எச்சரித்தார்கள். எச்சரிக்கை வைத்தியர்களுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக் குசினிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சத்தி, வயிற்று நோவு, கடும் களைப்பு, ஆழமான வேகமான மூச்சு: இந்தக் குளிசை எடுப்பவருக்கு இவை வந்தால் சீனி எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். குளிசையை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே உள்ள தாதியிடம் மருந்தின் பெயரைச் சொல்லி, "கீற்றோனைப் பாருங்கள்" என்று கேளுங்கள். சீனி சாதாரணமாக இருப்பதால் அங்கேயும் தவறவிட இடமுண்டு. கீற்றோன் பார்க்கும் இரத்தக் கருவி வீட்டில் இருந்தால், 3க்கு மேல் போனால் யோசிக்கவே வேண்டாம். 1.5ஐத் தாண்டி, மேற்சொன்ன அறிகுறிகளும் இருந்தாலும் அப்படியே.

கீற்றோ மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றும் இல்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பவர்கள், நோன்பு பிடிப்பவர்கள், குடல் பரிசோதனைக்காக ஒரு நாள் முழுவதும் தெளிந்த நீராகாரம் மட்டும் குடிப்பவர்கள், சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பொதுவாக சத்திரசிகிச்சைக்கு மூன்று நாட்களுக்கு முன்பே இந்தக் குளிசையை நிறுத்துவோம்.

மற்றக் குளிசைகள்

கிளிக்கிளசைட், கிளைபியூரைட் எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் ஆபத்து மறுபக்கம். சோற்றை நிறுத்திய அன்றே சீனி 4க்குக் கீழே விழலாம். 401 நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அளவைக் குறைப்பது உணவைத் தொடங்குவதற்கு முன் நடக்க வேண்டும். பிறஷர் மருந்து எடுப்பவர்களுக்கு உப்பும் தண்ணீரும் வெளியேறுவதால் பிறஷர் விழுந்து தலை சுற்றும். வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் இரத்தம் உறையும் கணக்கு மாறும். அதுவும் சொல்ல வேண்டிய விடயம்.

அப்படியானால் கீற்றோ கூடாதா?

அப்படி நாம் சொல்லவில்லை. கனடிய நீரிழிவுச் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கையில், மாச்சத்தைக் குறைத்த உணவு நீரிழிவுக்காரருக்கு ஏற்கத்தக்க ஒரு வழி என்றே சொல்லியிருக்கிறது. நிறை குறையும், சீனி குறையும், சில மருந்துகளின் தேவையும் குறையலாம். வைத்தியரின் கண்காணிப்பு வேண்டும் என்பது அதனுடன் சேர்ந்த பேச்சு.

எமக்குள்ள தயக்கம் வேறு. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2022இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 33 பேரைப் பன்னிரண்டு வாரம் கீற்றோவிலும் பன்னிரண்டு வாரம் மத்தியதரைக்கடல் உணவிலும் மாறி மாறி வைத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் கெட்ட கொலஸ்ரரோல் கீற்றோவில் 10 சதவீதம் ஏறியது, மற்றதில் 5 சதவீதம் இறங்கியது. எம்மவர் கீற்றோ செய்யும்போது நெய்யும் தேங்காயெண்ணெயும் தாராளமாக ஓடும். எமது இருதயக் குழாய்கள் அதற்கு இடம் கொடுக்குமா? ஒன்ராறியோவில் 2010இல் வெளியான கணக்கின்படி, தெற்காசியாவிலிருந்து வந்த குடிவரவாளருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மும்மடங்குக்கும் மேல். அதுவும் முப்பத்தைந்து வயதிலிருந்தே ஏறத் தொடங்குகிறது. வெள்ளையருக்கு உடற்திணிவுச் சுட்டி 30இல் உள்ள நீரிழிவு ஆபத்து, எமக்கு 24இலேயே வந்துவிடுகிறது என்று 2011இல் இன்னோர் ஒன்ராறியோ ஆய்வு காட்டியது. "நான் மெல்லிய ஆள்தானே" என்ற நம்பிக்கையில் இருப்பவர்கள் இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் என்றால் மெல்லிய ஆள் இல்லை.

எம்மவரின் தட்டில் சோறு ஏன் மலைபோல் இருக்கிறது என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். 1995 இடப்பெயர்வில் ஒரு கோப்பை கஞ்சிக்கு வரிசையில் நின்ற தலைமுறை, தட்டில் மிச்சம் விட மாட்டாது. நாமும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். இன்றைக்கும் சோற்றைக் குறைத்துப் போடும்போது கை ஒரு கணம் தயங்கும். அதனால் நோயாளர்களை நாம் அதட்டுவதில்லை.

முன்பு சொன்ன அந்த 'அரைக் கீற்றோ'க்காரர்களிடம் வருவோம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்கள் உட்பட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் பதினெட்டாயிரம் பேரின் உணவுத் தரவுகளை வைத்து 2022இல் ஒரு கணக்குப் போட்டார்கள். எமது உணவில் 60 முதல் 75 சதவீத சக்தி மாச்சத்திலிருந்தே வருகிறது. புதிதாக நீரிழிவு கண்டவர்கள் அதை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதத்துக்குக் கிட்ட உயர்த்தினால் நோயைத் தணிய வைக்க வாய்ப்புண்டு என்பது அந்தக் கணக்கு. கணக்குத்தான், நேரடிப் பரிசோதனை அல்ல. என்றாலும் எமது அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மீன், முட்டை, பருப்பு, கீரை. புட்டு என்றால் ஒரு கோப்பைக்குள் நிறுத்தி, பக்கத்தில் கத்தரிக்காய்க் கறியைக் கூட்டுவது. கோப்பியில் சீனியை விடுவது. இதை மூன்று வருடம் செய்யலாம். கீற்றோவை மூன்று வருடம் செய்தவரை எமது மருத்துவ நிலையத்தில் இதுவரை ஒருவரைத்தான் கண்டிருக்கிறோம், அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவர்.

போத்தல்கள் நிறைந்த பை

கீற்றோவோடு கூடவே சத்துக் குளிசைகள் வீட்டுக்குள் வரும். எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்வோம். ஒருமுறை பதினான்கு வந்தது.

முதலில் பார்ப்பது பொற்றாசியம். கீற்றோவில் கால் பிடித்து இழுக்கிறது என்று, சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொற்றாசிய உப்பைப் பாவிக்கச் சொல்லுகிறார்கள். ராமிப்ரில், பெரின்டோப்ரில் போன்ற பிறஷர் குளிசை எடுப்பவருக்கும், சிறுநீரகம் பழுதடைந்தவருக்கும் பொற்றாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். இது உப்புத்தானே என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை.

முடி கொட்டுகிறது என்று எடுக்கும் பயோற்றின். உடலுக்குத் தேவை நாளுக்கு 30 மைக்குரோகிராம். குளிசையில் 5,000 அல்லது 10,000 இருக்கும். அதனால் உடம்புக்குப் பெரிய கெடுதி இல்லை, ஆனால் தைரொயிட் பரிசோதனையின் முடிவைப் பொய்யாக்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனையையும் குறைத்துக் காட்டக்கூடும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் நிறுத்துங்கள்.

மஞ்சளைக் கறியில் போடுவது வேறு, மிளகுச் சத்தோடு செறிவாக்கிய குளிசை வேறு. பின்னதால் ஈரல் பழுதானவர்கள் இருக்கிறார்கள். 2023இல் அவுஸ்திரேலிய அரசு எச்சரிக்கை விட்டது. உடல் குறைக்கும் குளிசைகளில் வரும் 'கார்சீனியா'வும் அப்படியே. மீன்கறிக்குப் போடும் கொறுக்காய்தான் அது, ஆனால் கறியில் போடும் ஒரு துண்டும் தினம் விழுங்கும் குளிசையும் ஒன்றல்ல. ஊரிலிருந்து வரும் லேகியம், பஸ்பம் பற்றியும் ஒரு வார்த்தை: பொஸ்ரனில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. கனடாவில் அனுமதி பெற்ற இயற்கை மருந்து என்றால் போத்தலில் எட்டு இலக்க எண் இருக்கும். இல்லாததை வாயில் போடாதீர்கள்.

தேவையானவையும் உண்டு. மெற்ஃபோமினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் விற்றமின் பி12 குறையலாம். கால் விறைப்பை நீரிழிவு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கேட்டுப் பரிசோதியுங்கள். விற்றமின் டி ஐம்பது கடந்தவர்களுக்கு நாளுக்கு 400 அலகு குளிசையாக எடுக்கும்படி கனடிய சுகாதார அமைச்சு சொல்கிறது. 4,000க்கு மேல் நீங்களாகவே போகக்கூடாது. மற்றபடி, மல்ரிவிற்றமின், விற்றமின் சி, கல்சியம், விற்றமின் டி ஆகியவை மாரடைப்பைத் தடுக்கின்றனவா என்று சென்ற் மைக்கல்ஸ் வைத்தியசாலையின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 2018இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. உணவு எவ்வளவு வேகமாகச் சீனியாகிறது என்பதற்கு 1981இல் கணக்கு வகுத்துத் தந்தவர் இதே ஜென்கின்ஸ்தான். அந்தப் பதினான்கு போத்தல்காரர் மாதம் நூற்றுப்பத்து டொலர் செலவழித்துக்கொண்டிருந்தார். பதினொன்றை நிறுத்தினோம்.

தொடங்க விரும்பினால்

குளிசைகள், சத்து மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போங்கள். சிறுநீரகம், ஈரல், கொலஸ்ரரோல், மூன்று மாதச் சீனி ஆகியவற்றைத் தொடங்கும் முன்பும், மூன்று மாதம் கழித்தும் பாருங்கள். சத்தி, வயிற்றோட்டம் வந்தால் எந்தக் குளிசைகளை நிறுத்த வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். வைத்தியர் கிடைக்காத நேரத்தில் 811ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். கர்ப்பிணிகள், முதலாம் வகை நீரிழிவுக்காரர், சதையி அழற்சி வந்தவர்கள் தாங்களாகக் கீற்றோவைத் தொட வேண்டாம்.

மூன்று நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் போன மாதம் எம்மிடம் வந்தார். அந்தக் குளிசையை மாற்றிவிட்டோம். மத்தியானம் ஒரு கோப்பை குத்தரிசிச் சோறு, இரவில் மீனும் கீரையும். கலியாணம் நல்லபடி முடிந்ததாம். படங்களைக் காட்டினார். "கோட் கொஞ்சம் இறுக்கம்தான் டொக்டர்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா, "இறுக்கமெண்டாலும் போட்டுக்கொண்டு நிண்டவர்தானே" என்றார்.